மோகுசோவில் உட்கார்ந்து என்ன செய்வது? – கேள்வி பதில்

சார், கராத்தே வகுப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் மோகுசோ என்று கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைக்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதில் என்ன தியானம் வந்துவிடப்போகிறது?

வராது, வரவும் வேண்டாம். ஆபீஸையும் டிராஃபிக்கையும் வாசலோடு விட்டுவர அந்த நேரம் போதும். இடது கையை வலது கைமேல் மல்லாத்தி வைத்து, கட்டைவிரல் நுனிகள் லேசாகத் தொடும்படி வையுங்கள். கண் பாதி திறந்திருக்கட்டும். முழுக்க மூடினால் பாதிப் பேருக்குத் தூக்கம், மீதிப் பேருக்குக் கடன் கணக்கு. மூச்சை இழுத்ததைவிட நீளமாக விடுங்கள். மனம் எங்காவது போனால் கட்டைவிரல்கள் பிரிந்துவிடும், இறுகினால் ஒன்றையொன்று அழுத்தும். உங்களைக் காட்டிக்கொடுக்க அது போதும்.

மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் செய்சாவில் முழங்கால் வலிக்கிறது.

சென்செய்யிடம் (ஆசிரியரிடம்) சொல்லிவிட்டுச் சம்மணம் போடுங்கள். வலியைத் தாங்கினால் மன உறுதி வளரும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஜென் பௌத்தத் தியானம் பழகாமல் கராத்தே மாதிரி ஜப்பானியச் சண்டைக்கலைகள் முழுமையாகுமா?

தாராளமாக. அய்கிடோவைத் தந்த உயேஷிபா மோரிஹேய் பின்பற்றியது, ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோ வழிவந்த ஓமோதோ சமயத்தை. வில்வித்தை என்றாலே ஜென் என்று உலகம் நம்பியதற்கு முக்கியக் காரணம், செந்தாய் நகரில் அவா கென்சோவிடம் வில் பழகிய ஜெர்மன் பேராசிரியர் ஹெரிகல் 1948இல் வெளியிட்ட நூல். அந்த அவா ஜென் பயிற்சி எடுத்தவரே இல்லை என்று ஆய்வாளர் யாமாதா ஷோஜி பின்னாளில் எழுதினார்.

போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போய்க் கராத்தே சொல்லித்தந்தாராமே?

இல்லை. கராத்தே பிறந்தது இன்றைய ஜப்பானின் ஒகினாவாத் தீவில். சீனாவின் ஷாவோலின் மடத்தில் அவர் சண்டைக்கலை கற்பித்தார் என்ற கதைக்குச் சாட்சியாகக் காட்டும் யிஜின் ஜிங் என்ற நூலே 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

அண்ணா, போட்டியில் ஒரு அடி வாங்கினால் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. தியானம் உதவுமா?

கொஞ்சம் உதவும். ஆனால் இதற்கான மருந்து பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானை ஆண்ட தளபதியான ஷோகுனின் வாள் ஆசிரியர் யாக்யூ முனேநோரிக்குத் துறவி தாகுவான் (1573–1645) எழுதியதும் இதைத்தான்: எதிரியின் வாளிலோ உன் வாளிலோ மனம் நின்றால் கை முடங்கிவிடும். ஜப்பானிய வாள்கலையான கெண்டோவில் அடித்த பிறகும் விழிப்போடு எதிரியை நோக்கி நிற்க வேண்டும், அதுதான் ஸான்ஷின். அது இல்லாவிட்டால் சரியாக விழுந்த அடிக்கும் புள்ளி கிடையாது, அடித்துவிட்டுக் குதித்துக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையும் பறிப்பார்கள். கராத்தேயில் கதா (வரிசையாக அமைத்த தனி அசைவுகள்) செய்யும்போது கடைசி அசைவு முடிந்ததும் உடனே தளராதீர்கள். ஒரு முழு மூச்சு வெளியேறும்வரை பார்வையை எடுக்காமல் நில்லுங்கள். அப்புறம் ஜோடிப் பயிற்சியில், அடி வாங்கினாலும் கொடுத்தாலும் அதையே செய்யுங்கள்.