இரவு வேலை முடிந்து வரும்போது விபத்தில் கால் முறிந்த தனியார் கிளினிக் தாதிக்கு எப்படி உதவலாம்?

காசு சேர்க்க முதல் ஒன்றைப் பாருங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கும் வார்ட்டுக்கும் காசில்லை. காசு கரைவது வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கான், ஓட்டோ, கூட நிற்பவரின் சாப்பாடு, மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வீட்டில் இருப்பது, இவற்றில்தான். தனியாருக்கு மாற்றினால் சேர்த்தது ஒரு கிழமைக்கும் காணாது.

கிளினிக் முதலாளியை விட்டுவிடாதீர்கள். இலங்கையில் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது, 2022 இல் திருத்தி, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்து, உச்சத் தொகையை 20 இலட்சம் ஆக்கினார்கள். இது பலருக்குத் தெரியாது, முதலாளிமாரும் வாயே திறக்கமாட்டார்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, டியூட்டி ரோஸ்டர், வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டை மூன்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போங்கோ. மோதிய வாகனத்தின் காப்புறுதி இலக்கத்தையும் கேட்டு எழுதி வையுங்கோ. (அரச தாதியென்றால் அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கும், அது வேறு கதை.)

சரி, சேர்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அவவின் சொந்தக் கணக்கிற்கே போடச் சொல்லுங்கோ, ஊர்ச் சங்கக் கணக்கிற்கு வேண்டாம். கனடாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு பில்லைப் படமெடுத்து அனுப்புங்கோ, ஆனால் அவவைக் கட்டிலில் படுத்தபடி படமெடுத்துப் போடாதேயுங்கோ.