கொழுந்து சாப்பாட்டுல சேருமா?

கேள்வி: அண்ணே, நாங்க கூட்டாளிமாரு சேந்து டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ்ங்கிற கதை விளையாட்டு வெளயாடுறோம், நான்தான் டிஎம் (கதைய நடத்துறவன்), கதை நடக்குறது நம்ம பக்கம் மாதிரி ஒரு தேயில தோட்டத்துல. ட்ரூயிட்டா (இயற்கை மந்திரவாதியா) வெளயாடுறவன் ப்ளான்ட் க்ரோத்ங்கிற செடி வளக்குற ஸ்பெல்ல (மந்திரத்த) போட்டு கொழுந்து டபுளாகணும்ங்கிறான். ரூல்ல சாப்பாடு ரெண்டு மடங்குன்னுதானே இருக்கு, தேயில சாப்பாடு இல்லன்னு சொல்லிட்டேன், இப்ப ஆளு மூஞ்ச தூக்கி வச்சிருக்கான். யாரு சரி?
– வாசகர், தலவாக்கலை

பதில்: எழுத்துப்படி பாத்தா தம்பி நீங்க சரி. ஆனா நானா இருந்தா குடுத்துருவேன். ஏன்னா அந்த ஸ்பெல்லுக்குள்ளயே பிரேக் இருக்கு. ஒரு ஆக்‌ஷன்ல (ஒரே முறையில சட்டுனு) போட்டா 100 அடி ஆரத்துக்கு செடி மண்டி நடைய ரொம்ப மெதுவாக்கும், அவ்வளவுதான், வெளச்சலுக்கு அது உதவாது. வெளச்சல் வேணும்னா 8 மணி நேரம் போடணும், அம்புட்டு நேரமும் கான்சன்ட்ரேஷன் (கவனம் செதறாம) புடிக்கணும், நடுவுல டேமேஜ் பட்டா கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடம்புத் தெம்புக்கு பகடை உருட்டுறது), 10 இல்லாட்டி பட்ட டேமேஜ்ல பாதி, எது கூடவோ அத எட்டணும், விட்டா ஸ்பெல் போச்சு (ஸ்லாட், அதாவது ஸ்பெல் போடுற வாய்ப்பு, மட்டும் மிஞ்சும்). மழ நாள்ல தேயில மலையில 8 மணி நேரம்... அட்டக்கடிக்கு டேமேஜ் குடுக்குறது உங்க இஷ்டம், நான் குடுப்பேன்.

சரி, போட்டு முடிச்சிட்டான்னு வைங்க. அர மைல் ஆரம்னா கிட்டத்தட்ட 500 ஏக்கர், ஒரு வருஷத்துக்கு. கொழுந்து ரெண்டு மடங்குன்னு விட்டாச்சு, ஆனா அத யாரு எடுக்குறது, யாரு நிறுக்குறதுன்னு ஸ்பெல் சொல்லல பாருங்க, அங்கதான் டிஎம்முக்கு வேலயே. நேத்து வரைக்கும் பேருக்கு (ஒரு நாள் சம்பளத்துக்கு) 18 கிலோ, இன்னக்கி கணக்கப்புள்ள 30ன்னு நிப்பாரு, கொறஞ்சா அரப்பேரு (பாதிச் சம்பளம்), ஃபாக்டரில வாட்டுற தட்டு பத்தாம கொழுந்து சாக்குலயே சூடேறிக் கெடக்கும், பொழுது சாஞ்சதும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிச) பொம்பளைங்க கூடையோட ட்ரூயிட்டத் தேடி வருவாங்க. ரூல் பேசி மறிச்சிருந்தா இந்தக் கதையே வந்திருக்காது.

கேள்வி: எதிரியோட நுரையீரல்ல க்ரியேட் வாட்டர் (தண்ணி வர வைக்கிற ஸ்பெல்) போட்டு ஆள மூழ்கடிக்கலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: முடியாதும்மா. ஸ்பெல் கேக்குறது திறந்த பாத்திரம், மனுச நெஞ்சு அதுல வராது. மொத லெவல் ஸ்பெல்லுக்கு ஆளையே சாய்க்க விட்டா பெரிய ஸ்பெல்லெல்லாம் எதுக்கு? அதையே மழையா 30 அடி கனசதுரத்துக்குப் பெய்ய வச்சா திறந்து எரியிற நெருப்பு அணையும், தீப்பந்தத்தோட வர்ற கூட்டத்து மேல ராத்திரில போட்டுப் பாருங்க.