அமெரிக்க அதிபர் பேச்சைப் பார்த்து நகை எடுக்கலாமா?

கேள்வி: சேரன்மகாதேவிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. பிசானப் பருவ நெல்லை விற்ற பணமும் பழைய சேமிப்பும் கையில் உள்ளன. வருகிற தை மாதம் மகளுக்குக் கல்யாணம், பத்து பவுன் எடுக்க வேண்டும். அமெரிக்க அதிபர் வாயைத் திறந்தாலே தங்கம் ஏறுகிறது, மறுநாள் இறங்குகிறது. பேங்க் வட்டியும் குறைந்துவிட்டது. இதையெல்லாம் முடிவு செய்வது அதிபரா, பொருளாதார நிபுணர்களா? இப்போதே நகை எடுக்கவா, டெபாசிட்டில் போட்டுக் காத்திருக்கவா?

பதில்: அண்ணாச்சி, அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேதி குறித்த செலவுக்கு விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்து பவுனை இப்போதே எடுத்துவிடுங்கள். மீதியை ஆடி கழிந்து கொஞ்சம், ஐப்பசியில் கொஞ்சம், கார்த்திகையில் கொஞ்சம் என்று பிரித்து வாங்குங்கள். அதுவரை அந்தப் பணம் குறுகிய கால டெபாசிட்டில் இருக்கட்டும். வட்டி சொற்பம்தான், ஆனால் போட்ட பணம் பத்திரமாக இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத் தங்கத்தின் கதையே போதும். 1933-இல் அமெரிக்காவில் விளைபொருள் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. ஜார்ஜ் வாரன் என்ற வேளாண் பொருளாதாரப் பேராசிரியர், தங்கத்தின் விலையை ஏற்றினால் தானிய விலையும் கூடவே ஏறும் என்றார். அதிபர் ரூஸ்வெல்ட் அதை நம்பினார். காலையில் படுக்கையில் இருந்தபடியே அன்றைய தங்க விலையை முடிவு செய்வார். ஒருநாள் 21 சென்ட் ஏற்றச் சொன்னார். மூவேழு இருபத்தொன்று, ராசியான எண் என்பது காரணம்! கூட இருந்த, பிறகு நிதி அமைச்சரான மார்கன்தாவ் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊரில் நல்ல நேரம் பார்த்து நகைக் கடைக்குப் போகிறவர்களை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம். வாரன் சொன்ன வேகத்தில் தானிய விலை ஏறவில்லை. 1934-இல் ஒரு அவுன்ஸ் (31 கிராம் சொச்சம்) 35 டாலர் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். அதற்கு முன் 20.67 டாலர்.

அந்த 35 டாலரை உடைத்தவர் நிக்சன். 1971 ஆகஸ்ட் 15 அன்று, வெளிநாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்தால் இனி தங்கம் தர மாட்டோம் என்று அறிவித்தார். நாணய மதிப்பைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று பொருளாதார நிபுணர் மில்டன் ஃப்ரீட்மன் 1950-களிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நெருக்கடி வந்தபோதுதான் அந்த யோசனைக்கு வேளை வந்தது. ஆனால் அதே அறிவிப்பில் நிக்சன் கூலியையும் விலையையும் 90 நாளுக்கு முடக்கினார். அது ஃப்ரீட்மனுக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. நிபுணர் சொல்வதில் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வது அதிபர்களின் வழக்கம். இந்த விஷயத்தில் எனக்கு நிபுணர்கள் மேல் கொஞ்சம் பரிதாபம்தான்.

அப்புறம் விலைவாசி தறிகெட்டு ஓடியது. 1980 ஜனவரியில் தங்கம் 850 டாலரைத் தொட்டது. விலைவாசியை அடக்கியவர் அதிபர் இல்லை, அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பால் வோல்க்கர். அவரை 1979-இல் நியமித்தவர் அதிபர் கார்ட்டர். வோல்க்கர் வட்டியை 20 சதவீதம் வரை ஏற்றிவிட்டார். கார்ட்டர் 1980 தேர்தலில் தோற்றதற்கு அந்த வட்டியும் ஒரு காரணம். விலைவாசி அடங்கிய பலன் அடுத்து வந்த ரீகனுக்குக் கிடைத்தது. பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் ஸ்ரீவைகுண்டம் கடைமடைக்கு வந்து சேர நாள் ஆகும் அல்லவா, பொருளாதார முடிவும் அப்படித்தான். திறப்பவர் ஒருவர், பாய்ச்சுபவர் வேறொருவர்.

1982-இல் தங்கம் 300 டாலர் அளவுக்கு இறங்கியது. பழைய 850-ஐ மறுபடி பார்க்க 2008 வரை ஆயிற்று. ஆனால் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வீழ்ச்சி அவ்வளவாகத் தெரியவில்லை. 1980-இல் டாலருக்கு 8 ரூபாய் அளவில் இருந்தது, 2008 தொடக்கத்தில் 39 ரூபாய் ஆகிவிட்டது. அங்கே தங்கம் இறங்கினாலும் இங்கே ரூபாய் இறங்கி அதைச் சரிக்கட்டிவிட்டது. அதனால் டிவியில் அதிபர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

மிச்சக் கணக்கு டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. நம் குடியரசுத் தலைவருக்கு இதில் வேலை குறைவு. பட்ஜெட் அவர் பெயரால் வைக்கப்படும், முடிவு செய்வது பிரதமரும் நிதி அமைச்சரும்தான். 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கே பவுனுக்குச் சுமார் 2,000 ரூபாய் இறங்கியது. அதற்கு எந்த அமெரிக்க அதிபரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை!

உங்கள் டெபாசிட் வட்டி குறைந்ததற்கு ரிசர்வ் வங்கியைப் பார்க்க வேண்டும். 2016 முதல் ஆறு பேர் கொண்ட குழு ஓட்டுப் போட்டு ரெப்போ வட்டியை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற பேங்குகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை முடிவு செய்கிறது. விலைவாசி உயர்வு 4 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அரசு கொடுத்த இலக்கு. 2025-இல் மட்டும் 6.50-லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறக்கினார்கள். இதற்கும் டிரம்ப் பேச்சுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அவர் பேச்சுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது தூத்துக்குடி இறால் ஏற்றுமதிக்காரர்களுக்கு வயிறு கலங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியது. ஆனால் தங்கத்தை ஏற்றும் இந்தப் பயம் எப்போது வரும், எப்போது தணியும் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் பிரித்து வாங்கச் சொல்கிறேன்.

இனி கடை விஷயம். செய்கூலி, சேதாரம் கடைக்குக் கடை மாறும். இரண்டு மூன்று கடையில் கேட்டு, மொத்த விலையை ஒப்பிடுங்கள். பவுன் விலையில் 50 ரூபாய் இறங்கக் காத்திருப்பதைவிட சேதாரத்தில் இரண்டு சதவீதம் பேசிக் குறைத்தால் லாபம் அதிகம். ஹால்மார்க் முத்திரையுடன் ஆறு எழுத்து-எண் அடையாளமும் நகையில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்க வேண்டாம். நகைச்சீட்டுப் பணத்துக்கு பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்ச ரூபாய் காப்பீடு கிடையாது. ஆகவே மீதி ஐந்து பவுனுக்கான பணத்தை மொத்தமாக ஒரே கடையில் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள்.