அப்பாவுக்குக் குடல், அத்தைக்குக் கருப்பை: மரபணு சோதனையை யாரிடமிருந்து தொடங்குவது?

கேள்வி: என் அப்பா 44 வயதில் பெருங்குடல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தங்கை, என் அத்தைக்கு 48 வயதில் கருப்பைப் புற்றுநோய் வந்தது. கருப்பையை எடுத்துவிட்டார்கள், இப்போது நலமாக இருக்கிறார். தாத்தா 'வயிற்றுக் கட்டி'யில் போனதாகச் சொல்வார்கள். எனக்கு வயது 29. அத்தை மகளை எனக்குப் பேசியிருக்கிறார்கள். நான் ரத்தம் கொடுத்து மரபணு சோதனை செய்துகொள்ளலாமா? கல்யாணத்தை நிறுத்த வேண்டியிருக்குமா?

பதில்: முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் உங்கள் அத்தை; நீங்கள் அதற்கப்புறம்தான். நோய் வராத நீங்கள் முதலில் சோதித்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். குடும்பத்தில் இருக்கும் மரபணுக் கோளாறு உங்களுக்கு வரவில்லை என்பது ஒன்று. கோளாறு அந்தச் சோதனைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது என்பது இன்னொன்று. நோய் வந்த ஒருவரிடம் கோளாறைக் கண்டுபிடித்த பிறகுதான் இவற்றில் எது உண்மை என்று சொல்ல முடியும். வீட்டுக்கே கிட் அனுப்பி எச்சில் வாங்கிப் பார்க்கும் சோதனைகளில் காசைப் போடாதீர்கள். அவற்றில் பல, சில குறிப்பிட்ட மாற்றங்களை மட்டுமே தேடுகின்றன.

உங்கள் குடும்ப விவரத்தைப் பார்த்ததும் சந்தேகம் போகும் இடம் லிஞ்ச் சிண்ட்ரோம். செல் பிரியும்போது டிஎன்ஏ நகலில் விழும் பிழைகளைத் திருத்துவதற்கு எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருப்பவர்களுக்கு, குடலிலோ கருப்பையிலோ ஏதோ ஒரு செல்லில் மற்ற பிரதியும் பழுதானால், அங்கே பிழைகள் குவிந்து புற்றுநோயாகின்றன. குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில், அதுவும் 50 வயதுக்குள் வந்திருப்பதுதான் இங்கே பெரிய துப்பு. ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் ஹென்றி லிஞ்ச் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இந்தக் குடும்பங்களை ஆராயத் தொடங்கியது 1960களில். அவருக்கு முன்பே 1913ல் மிச்சிகனைச் சேர்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்த்தின் இதே போன்ற ஒரு குடும்பத்தைப் பதிவு செய்திருந்தார். 1966ல் லிஞ்ச் இரண்டு பெரிய குடும்பங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டும், புற்றுநோய் பரம்பரையாக வரும் என்பதை ஆய்வுலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1993ல் எம்எஸ்எச்2, 1994ல் எம்எல்எச்1 கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் வாதம் ஓய்ந்தது. அவருடைய முறையில் உங்களுக்கு இன்றும் உதவும் ஒரு பழக்கம் உண்டு. குடும்பத்தார் வாயால் சொன்னதை அவர் அப்படியே எழுதிக்கொள்ளாமல், நோய்க்குறியியல் அறிக்கைகளைத் தேடிப்பிடித்துச் சரிபார்த்தார். தாத்தாவின் 'வயிற்றுக் கட்டி' இரைப்பையா, குடலா, கல்லீரலா? பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், இறப்புச் சான்று என எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். அது குடல் என்று தெரிந்தால் லிஞ்ச் குடும்பமா என்று சந்தேகிக்க உதவும் ஆம்ஸ்டர்டாம் விதிகளுக்குள் உங்கள் குடும்பம் வந்துவிடும்: நெருங்கிய உறவினர் மூவருக்கு நோய், அடுத்தடுத்த இரண்டு தலைமுறைகள், ஒருவருக்காவது 50 வயதுக்குள்.

அடுத்தது கட்டியின் மிச்சம். அத்தையின் அறுவை சிகிச்சையில் எடுத்த திசு பாரஃபின் பிளாக்காக (மெழுகில் பதித்த கட்டியாக) அந்த மருத்துவமனையின் பத்தாலஜி துறையில் இருக்கும். அப்பாவின் பிளாக்கும் இருக்கலாம். பயாப்சி எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். அப்பாவுடையதற்கு வாரிசு என்ற முறையில் இறப்புச் சான்றையும் இணையுங்கள். பிளாக்கையே தர மறுத்தால், சாயமிடாத ஸ்லைடுகள் எட்டு முதல் பத்து வரை கோட்டிங் உள்ள கண்ணாடியில் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய ஸ்லைடு நாள்பட்டால் கெடும், அதனால் லேபை ஏற்பாடு செய்துவிட்டு வாங்குங்கள். அதில் செய்ய வேண்டியது ஐஎச்சி என்னும் இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, அதாவது திசுவில் புரதங்களைச் சாயமிட்டுப் பார்க்கும் சோதனை. அந்த நான்கு மரபணுக்களும் உண்டாக்கும் நான்கு புரதங்களில் எது காணவில்லை என்று அது காட்டும்.

இங்கேதான் தவறுகள் நிறைய நடக்கின்றன. எம்எல்எச்1 காணவில்லை என்றதுமே பரம்பரை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வயதான பிறகு வரும் சாதாரணக் கட்டிகளிலும் மெத்திலேஷன் என்ற மாற்றத்தால் அந்த மரபணு அணைந்துபோகும். எம்எல்எச்1 மெத்திலேஷன் சோதனையும், குடல் கட்டியானால் பிராஃப் என்ற மரபணுவின் சோதனையும் செய்தே பிரித்தறிய வேண்டும். ஃபார்மலினில் சரியாக ஊறாத திசுவில் சாயமே பிடிக்காது. அதனால் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களில் சாயம் பிடித்திருக்கிறதா என்பதை ரிப்போர்ட் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கேளுங்கள். மலக்குடல் கட்டிக்குக் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்த பிறகு எடுத்த திசுவில் எம்எஸ்எச்6 மங்கலாகத் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிகிச்சைக்கு முந்தைய பயாப்சியே நல்லது.

இதற்குப் பிறகே அத்தையின் ரத்தம், இடிடிஏ குழாயில் சில மில்லி. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லேபிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். மரபணுவில் பெரிய துண்டு நீங்கியதையும் இரட்டித்ததையும் பார்ப்பீர்களா? எம்எஸ்எச்2வுக்குப் பக்கத்தில் இருக்கும் எப்கேம் என்ற மரபணுவின் கடைசிப் பகுதி அறுந்தாலும் எம்எஸ்எச்2 அணைந்துவிடும் என்பதால் இது முக்கியம். பிஎம்எஸ்2வைத் தனி முறையில் உறுதி செய்வீர்களா? அதைப் போலவே இருக்கும் போலி மரபணு ஒன்று வழக்கமான சீக்வென்சிங்கைக் குழப்பும். ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று வந்தால், அதை வைத்து யாருக்கும் அறுவை சிகிச்சையோ குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சோதனையோ வேண்டாம். வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு ரத்தம் கொடுப்பதே ஒழுங்கு.

இனி கல்யாணம். அத்தையிடம் கோளாறு உறுதியாகி, அப்பாவுக்கும் அதுவே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அத்தை மகளுக்கும் அவ்வளவே. இருவருக்குமே இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு குழந்தையும் பழுதான இரண்டு பிரதிகளையும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சோதிக்காத இன்றைய நிலையில் மொத்தக் கணக்கு 16ல் 1. இரண்டு பிரதியும் பழுதான குழந்தைக்கு வருவது சிஎம்எம்ஆர்டி என்ற அரிய நோய்: தோலில் காபி நிறப் புள்ளிகள், சிறுவயதிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய். 1999ல் இதை முதலில் விவரித்த கட்டுரைகளில் வந்தவை உறவுக்குள் மணம் செய்த குடும்பங்கள். மாமன் மகள், அத்தை மகள் உறவு வழக்கமாக உள்ள நம் ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கப்பட வேண்டும், கேட்கப்படுவதில்லை.

ஆனால் கல்யாணத்தை நிறுத்த இது காரணமில்லை, தேதி குறிப்பதற்கு முன் சோதித்துக்கொள்ளத்தான் காரணம். உங்கள் இருவரில் ஒருவருக்கு இல்லை என்றாலே சிஎம்எம்ஆர்டி பயம் போய்விடும். அதற்கு நான்கில் மூன்று வாய்ப்பு இருக்கிறது. இருவருக்கும் இருந்தாலும், கருவைச் சோதித்துப் பதிக்கும் ஐவிஎஃப் முறையும், 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்ப்பதும் பதிவு பெற்ற மையங்களில் சட்டப்படியே செய்யலாம். 'பெண் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்' என்று வீட்டில் பேச்சு வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் முதலில் பாருங்கள். அவர் பார்த்துக்கொள்வது அவருடைய சொந்த உடம்புக்காக, அவருடைய விருப்பப்படி.

உங்களுக்குக் கோளாறு இருந்தால் செய்ய வேண்டியது கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடல் முழுவதையும் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது. எம்எல்எச்1, எம்எஸ்எச்2 என்றால் 20 முதல் 25 வயதில் தொடங்கி ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்றால் 30 முதல் 35க்குள் தொடங்கலாம். சாதாரணமாக ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் வரும் சிறு வளர்ச்சி) புற்றுநோயாக மாறப் பத்தாண்டு ஆகும். லிஞ்சில் அது சில ஆண்டுகளிலேயே நடந்துவிடும். கட்டி பெரும்பாலும் வலப்பக்கக் குடலில் வருவதால், குடலின் கடைசிப் பகுதியை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோபி போதாது. 'சீகம் (பெருங்குடலின் தொடக்கம்) வரை சென்றது' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்க வேண்டும். குடல் கழுவும் மருந்தில் பாதியை முந்தின இரவும் பாதியை அன்று காலையும் குடியுங்கள். முழுவதையும் இரவே குடித்தால் காலையில் வலப்பக்கம் மறுபடி அழுக்காகி, தட்டையான பாலிப்புகள் கண்ணில் படாமல் போகும். ஃபின்லாந்தில் இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரை 15 ஆண்டு பின்தொடர்ந்து 2000ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுக்கு ஒரு முறை செய்த பரிசோதனையே குடல் புற்றுநோயை 62 சதவீதம் குறைத்தது.

பிரிட்டிஷ் மரபியல் மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வில் தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் குடல் புற்றுநோயைக் குறைத்தது. பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. வயிற்றில் ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

கருப்பையை எடுத்தாயிற்று என்று அத்தை நிம்மதியாக இருப்பார். அவருக்கு லிஞ்ச் இருந்தால் குடலுக்கு ஆபத்து இன்னும் இருக்கிறது. மரபணு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதுவரை செய்யவில்லை என்றால் அவருக்கு இந்த மாதமே கொலோனோஸ்கோபிக்கு நேரம் வாங்குங்கள்.