கறிவேப்பிலைக்கும் பங்காளிகள் உண்டு: சிங்கப்பூர் வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில். தாழ்வாரத்தில் தொங்கவிட்டிருக்கும் மணிபிளாண்ட் கொடியில் ஏதோ ஒரு சின்னப் பறவை கூடு கட்டியிருக்கிறது. சருகுக் குப்பை என்று நினைத்துப் பிய்த்துப் போடக் கையை நீட்டிவிட்டேன், நல்லவேளை உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா? புளோக்குக்குப் பெயிண்ட் அடிக்கப்போவதாக வேறு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது. – *வாசகி, ஈசூன்*

பதில்: தேன்சிட்டு வந்திருக்கிறது, தங்கச்சி. கொடுத்துவைத்த வீடு. அலகு ஊசியாக வளைந்திருக்கும். கழுத்திலிருந்து வயிறுவரை மஞ்சளாக இருந்தால் பெண். கழுத்தும் நெஞ்சும் கருநீலமாக மின்னினால் ஆண். கூட்டை முழுக்கக் கட்டுவது பெண்தான். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேலே சாரல் படாமல் ஒரு சின்ன முகப்பு, அடியில் வால் மாதிரி நீளமாகத் தொங்கும் சருகு. அந்த வாலைப் பார்த்துத்தான் பலரும் குப்பை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் தாழ்வாரத்தில் கட்டியபோது ஜன்னலுக்கு உள்ளே நின்று நான் கவனித்திருக்கிறேன். அலகில் சிலந்தி நூலைச் சுருட்டிக்கொண்டு வரும். ஒரு சருகின் ஓரத்தில் அதைத் தொட்டுவைத்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்து, அடுத்த சருகில் ஒட்டும். அப்புறம் உள்ளே நுழைந்து நெஞ்சால் சுவரை அழுத்தி அழுத்தி இடம் பண்ணும். வெளியிலிருந்து பார்த்தால் கூடு மூச்சு வாங்குவது போலப் புடைத்துப் புடைத்து அடங்கும். இதைப் பார்த்த பிறகு தாழ்வாரத்து ஒட்டடையை ஒரேயடியாகத் துடைத்தெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. மூலையில் கொஞ்சம் விட்டுவைப்பேன். அது அவளுக்குக் கட்டுமானப் பொருள். குஞ்சுகளுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் சிலந்தியும் சின்னப் பூச்சிகளும்தான். பெயர்தான் தேன்சிட்டே தவிர, தேனை மட்டும் குடித்துக் குஞ்சு வளராது.

தண்ணீர் தாராளமாக ஊற்றுங்கள், ஆனால் வேரில் மட்டும், மெதுவாக. ஸ்பிரே வேண்டாம். தொட்டியை இடம் மாற்றாதீர்கள்; ஓரடி தள்ளி வைத்தால்கூடத் தாய் தடுமாறிப்போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை விரட்ட வேண்டாம், நாலடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியை கூட்டு வாசலில் நீட்டிப் படம் எடுப்பதுதான் கூடாது. வழக்கமாக இரண்டு முட்டை இடும். அடைகாக்க ஏறக்குறைய 2 வாரம், குஞ்சு பறக்க இன்னும் 2 வாரத்துக்குச் சற்று மேல். ஆக, ஒரு மாதத்துப் பொறுமை.

பெயிண்ட் விஷயத்துக்கு வருகிறேன். காத்திருக்காமல், புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கு இப்போதே எழுதுங்கள். வீட்டு எண், கூடு இருக்கும் இடம், தள்ளி நின்று எடுத்த ஒரு படம் போதும். உங்கள் வீட்டு முன்பக்கத்தை மட்டும் கடைசியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேலைக்கு வரும் தம்பிகளிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். நம் ஊர்த் தம்பிகள் பலர் அதில் இருப்பார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

குஞ்சு கீழே விழுந்தால்? இறகு முளைத்துத் தத்தித் தத்தித் திரிந்தால் அது பறக்கப் பழகுகிறது. பூனையும் மிதிக்கும் காலும் படாத இடத்தில் விட்டுவிட்டு விலகுங்கள், தாய் தேடிக்கொண்டு வரும். இறகே இல்லாத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியெல்லாம் ஒதுக்காது.

கேள்வி: ஊரிலிருந்து வந்த அம்மா ஆசையாக வைத்த கறிவேப்பிலைக் கன்று. இப்போது இலையெல்லாம் அரித்துப்போய்க் குச்சியாக நிற்கிறது. பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, துடைத்தால் நகர்கிறது! என்ன மருந்து அடிப்பது? – *வாசகர், செங்காங்*

பதில்: மருந்து வேண்டாம், தம்பி. நாளைக்கு ரசத்தில் கிள்ளிப் போடப்போகிற இலை அது.

நகரும் அந்த எச்சம் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை எல்லாம் ஒரே குடும்பம். அவற்றைத் தேடி வந்து முட்டை இடுகிறவை இங்கே முக்கியமாக இரண்டு: எலுமிச்சை அழகியும் காமன் மார்மனும். சின்ன வயதில் பழுப்பும் வெள்ளையுமாக எச்சம்போல இருப்பதால் பறவைகள் கொத்தாமல் விட்டுவிடும். வளர்ந்ததும் சட்டை உரித்துப் பச்சையாகிவிடும். அப்போது ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து கவைக்கொம்பு மாதிரி ஒன்று சட்டென்று நீண்டு வரும், கூடவே ஒரு நெடியும் அடிக்கும். எறும்பையும் சிலந்தியையும் துரத்த அது வைத்திருக்கும் ஆயுதம். கடிக்காது, அரிக்காது, கொட்டாது. பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கன்று ரொம்பச் சின்னதாக இருந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். நன்றாக வேர் பிடித்த செடி மொட்டையானாலும் துளிர்க்கும், பக்கக் கிளையும் அதிகம் விடும். நான் சொல்லும் வழி, இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்று அடுப்படிக்கு, ஒன்று அவர்களுக்கு. அடுப்படிச் செடியின் கொழுந்தில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டையோ புழுவோ தென்பட்டால், அந்த இலையோடு கிள்ளி இன்னொன்றில் வைத்துவிடுங்கள். கூண்டுப்புழுவாகிப் பத்து நாள் போல ஆனதும், காலை வேளையில் பூச்சி வெளியே வந்து இறக்கை காயும்வரை அசையாமல் தொங்கும். உங்கள் அம்மாவுக்குக் காணொளி எடுத்து அனுப்புங்கள், அவர்கள் வைத்த செடி என்ன செய்திருக்கிறது என்று தெரியட்டும்.

கேள்வி: செடி வளர்த்தால் டெங்கி வரும் என்று என் கணவர் எல்லாத் தொட்டியையும் தூக்கிப் போடச் சொல்கிறார். – *வாசகி, உட்லண்ட்ஸ்*

பதில்: அவருடைய பயம் நியாயமானது. ஆனால் குற்றவாளி செடி அல்ல, தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தட்டையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. மண் இறுகி மேலே தண்ணீர் தேங்கினால் கிளறிவிடுங்கள். அன்னாசி போல இலை அடுக்கில் தண்ணீர் பிடிக்கும் அலங்காரச் செடிகளை உயர்மாடியில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்னொன்று: தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் இடம் கட்டாயம் விட வேண்டும், அது தீப்பாதுகாப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

கேள்வி: மாமனாருக்கு 80 வயது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்காமல் சாப்பிட மாட்டார். ஜன்னல் விளிம்பில் தினமும் வைக்கிறார். கீழ்வீட்டுக்காரர் துணியில் எச்சம் என்று இரண்டு முறை வந்துவிட்டார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது? – *வாசகி, தோ பாயோ*

பதில்: அவர் வைப்பது பறவைக்கு மட்டும் இல்லை, போனவர்களுக்கும் சேர்த்து. அந்த மனசுக்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும், அம்மா. ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டப்படி காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் தீனி போடுவது குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரை, மறுபடியும் என்றால் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சுலபமாகச் சோறு கிடைக்கும் இடத்தில் காகமும் புறாவும் பெருகும், எலியும் வரும். கூட்டம் கூடினால் அங்கேயே கூடும் கட்டும். குஞ்சு இருக்கும் சமயத்தில் காகம், கீழே நடக்கிறவர்களின் தலையைக் குறிவைத்துப் பாயும். பீஷானில் 2023இல் அப்படி நடந்து செய்தியானது. கடைசியில் கூட்டை அகற்றவும் காகத்தைப் பிடிக்கவும் ஆள் வருவார்கள். பெரியவர் அன்பாக வைக்கும் சோறு அந்தப் பறவைக்கே வினையாக முடியும். இதை இப்படியே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், காகத்தின் பக்கம் நின்று பேசினால் அவர் காது கொடுப்பார்.

எனக்குத் தெரிந்த சில வீடுகளில் இலையில் படைத்துக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சோற்றை வீட்டார் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள். திதி, அமாவாசைக்குக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறார்கள். தினமும் ஓர் உயிருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவருடைய ஏக்கத்துக்கு, வெயில் விழும் இடத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டியை அவர் பொறுப்பில் விடுங்கள். பூ விரிந்த காலையில் தேன்சிட்டு வந்து, நேராக வாய் வைக்காமல் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேன் உறிஞ்சும். செடி கொடுப்பதை அது எடுத்துக்கொண்டு போகிறது. யாரும் குறை சொல்ல முடியாது.

கேள்வி: தரைவீடு. இரவில் கூரையில் தடதட என்று சத்தம். காலையில் பாதி தின்ற மாம்பழம் தரையில் கிடக்கிறது. – *வாசகர், சிக்லாப்*

பதில்: உங்கள் வட்டாரத்தில் அது அநேகமாக மூசாங் என்கிற மரநாய். பழமும் தின்னும், எலியும் பிடிக்கும். பழங்களுக்குப் பை கட்டுங்கள், விழுந்ததை அன்றன்றே பொறுக்குங்கள், கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். பொறி வைக்காதீர்கள், அனுமதியின்றிப் பிடிப்பது குற்றம். கூரைக்குள் குடியேறிவிட்டதாகத் தெரிந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600.

கேள்வி: தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகளுக்கு வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம். இரண்டு தொட்டிக்குத்தான் இடம். கறிவேப்பிலை தவிர என்ன வைக்கலாம்? – *வாசகி, ஜூரோங் வெஸ்ட்*

பதில்: ஒன்றில் எருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலையும் ஆச்சு, வெந்தய வரியன் பூச்சியின் புழுவுக்குச் சாப்பாடும் ஆச்சு. புழு கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரிகளோடு பார்க்கவே அழகாக இருக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. இலை கிள்ளும் வேலை உங்களுடையது, பார்க்கும் வேலை பிள்ளையுடையது.

இன்னொன்றில் சீமை நாயுருவி. நீலப்பூ வரிசையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த பூச்சிகள் தேன் குடிக்க வரும். வெயில் நாலு மணி நேரமாவது வேண்டும்.

2015இல் பொதுமக்கள் வாக்கெடுப்பில் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்வான காமன் ரோஸைத்தான் மகள் கேட்பாள் என்று நினைக்கிறேன். அதன் புழு ஈஸ்வரமூலி இனத்துக் கொடியை மட்டுமே தின்னும். அந்தக் கொடியின் நஞ்சு பூச்சியின் உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகள் அதைத் தொடாது. காமன் மார்மனில் சில பெண் பூச்சிகள் காமன் ரோஸைப் போலவே வேடம் போட்டுத் தப்பிப்பதும் அதனால்தான். உடல் சிவப்பாக இருந்தால் ரோஸ், கறுப்பாக இருந்தால் வேடதாரி. மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆனால் கொடியை வீட்டில் வைக்க வேண்டாம். நாட்டு மருந்து என்று யாராவது வாயில் போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹோர்ட்பார்க் பூங்காவில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது, வெயில் ஏறிய காலை நேரத்தில் அழைத்துப் போங்கள். மழை பெய்தால் பூச்சி பறக்காது.