மகளிடம் கேளுங்கள், இன்று மாலையே

உங்கள் பதினான்கு வயது மகளை நினைத்துக் கவலைப்பட்டு எழுதிய கடிதத்தில், அவள் சலங்கையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள் அம்மா. என் கண் அங்கேதான் நின்றது. ஆறு வயதிலிருந்து பரதம் ஆடுகிற பெண், தன் சலங்கையைச் சித்தி மகள் கையில் கொடுத்து "நீயே வச்சுக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் பக்கம் நிறைய எழுதியிருக்கும் சோகப் பாட்டு, கறுப்புச் சட்டை, முடி கொட்டுவது, அறைக் கதவைச் சாத்திக்கொள்வது எல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளை இருக்கிற பல வீடுகளில் உண்டு, நீங்கள் இருக்கும் டர்பன் சாட்ஸ்வர்த்திலும் உண்டு. விடுங்கள். இணையத்தில் தேடிக் கண்டுபிடித்த வைட்டமின் குறைவையும் விடுங்கள்.

சலங்கைக்குக் காரணம் வெறும் நடன வகுப்பு அலுப்பாக இருக்கலாம். ஆனால் ஆசையாக வைத்திருந்த பொருளை ஒரு பிள்ளை எடுத்துக் கொடுப்பதையும், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்பதையும், பல நாள் வாடிக் கிடந்துவிட்டுத் திடீரென்று அமைதியாவதையும் எந்த மருத்துவரும் அலட்சியம் செய்ய மாட்டார்.

தோழி வீட்டில், தற்கொலை செய்துகொள்ளும் ஒரு பள்ளி மாணவியைப் பற்றிய 'தர்ட்டீன் ரீசன்ஸ் வை' என்ற நெட்ஃப்ளிக்ஸ் தொடரைப் பார்த்துவிட்டாள், நான் பேச்செடுத்தால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்று பயப்படுகிறீர்கள். விதைக்க மாட்டீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஏற்கெனவே இருந்தால், தனியாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைக்கும்.

அந்தத் தொடர் 2017 மார்ச்சில் வந்தது. அந்த மாணவியின் மரணக் காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃப்ளிக்ஸே வெட்டி எடுத்துவிட்டது. தொடர் வெளிவந்த அடுத்த மாதம் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுள்ளவர்களிடம் தற்கொலை கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. தொடர்தான் காரணம் என்று அதனால் நிரூபிக்க முடியவில்லை. பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆபத்து என்று இல்லை. உள்ளுக்குள் ஏற்கெனவே நொந்திருக்கிற பிள்ளையை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஏனென்றால் அந்தக் கதையில் இறந்தவள் ஒலிநாடாவில் பேசிக்கொண்டே இருக்கிறாள், எல்லோரும் கேட்கிறார்கள், வருந்துகிறார்கள். நிஜத்தில் செத்தவர்களுக்குப் பேச்சு கிடையாது. இன்னொன்று, அவள் உதவி கேட்டுப் போன பள்ளி ஆலோசகர் அவளைக் கைவிட்டுவிடுகிறார். பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை என்று உங்கள் மகள் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அதை மாற்ற நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

காரில் போகும்போது கேளுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காதபோது இந்த வயதுப் பிள்ளைகள் சுலபமாகப் பேசுவார்கள். "அந்தத் தொடர்ல யாரைப் பார்த்து உனக்குப் பாவமா இருந்துச்சு?" என்று தொடங்கலாம். அப்புறம் நேராக: "உனக்கும் செத்துப்போகணும்னு தோணுச்சா?" பதில் வர நேரமாகும், நடுவில் பேசாதீர்கள். மானம், படிப்பு, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு வேண்டாம். சலங்கையை ஏன் கொடுத்தாள் என்றும் கேளுங்கள்.

ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் அன்று இரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தென்னாப்பிரிக்காவில் எந்த நேரமும் 0800 567 567 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணில் பேசலாம். பிள்ளைகளே கூப்பிட 116, சைல்ட்லைன். இல்லை என்றாலும் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

உங்கள் மாமியாரின் தூக்க மாத்திரையில் பாதியை அவளுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது. மனம் சோர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிற பிள்ளைக்கு, மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். இனி ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். அதையும், பிரஷர், சர்க்கரை மாத்திரைகளையும், பனாடோ என்ற பாராசிட்டமால் மாத்திரையையும் அவளிடம் பேசுவதற்கு முன்பே பூட்டி, சாவியை உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.