இந்தியாவில் டயட்டீஷியனாக இருந்தவர் அமெரிக்காவில் தொழில் செய்ய மாநில உரிமம் கட்டாயமா?

எம்.எஸ்சி. முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் 4 ஆண்டுகளாக டயட்டீஷியனாக இருக்கிறீர்கள், கணவருக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே தொழிலைத் தொடர லைசென்ஸ் வேண்டுமா, அதுவரை அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆன்லைனில் ஆலோசனை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லைசென்ஸ் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உண்மையில் அதுதான் பெரிய வேலை. நம்மூரிலிருந்து வரும் பெண்கள் பலர் இங்கே வந்து இறங்கிய பிறகே அதைத் தெரிந்துகொள்கிறார்கள். கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு 2011-இல் டெக்சஸுக்கு வந்த எனக்கும் அப்படித்தான் தெரிய வந்தது. இப்போது ஒரு டயாலிசிஸ் மையத்தில் வேலை பார்க்கிறேன்.

அந்தப் பெரிய வேலை, ‘பதிவு பெற்ற டயட்டீஷியன்’ ஆவது. ஆர்.டி.என். என்று பெயருக்குப் பின்னால் போடுவார்களே, அது. இந்தப் பட்டத்தைத் தருவது அரசு அல்ல, சி.டி.ஆர். என்ற தொழில்முறைப் பதிவு அமைப்பு. மாநில உரிமம் வழங்கும் வாரியங்கள் பெரும்பாலும் இதன் தேர்வையே அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. 2024 ஜனவரி 1 முதல் அந்தத் தேர்வை எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும். உங்களிடம் எம்.எஸ்சி. இருக்கிறது, நல்லது. ஆனால் அது அமெரிக்க முதுகலைக்குச் சமம் என்று அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று சான்று தர வேண்டும். அந்தச் சான்று வந்த பிறகும், ஏசெண்ட் என்ற அங்கீகாரக் குழுவின் கீழுள்ள கல்லூரி எதிலாவது விடுபட்ட பாடங்களைப் படித்து முடிக்க வேண்டியிருக்கும். அதன்பின் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி, குறைந்தது 1,000 மணி நேரம். என் காலத்தில் அது 1,200 மணி நேரமாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் எனக்குச் சம்பளம் கிடையாது, கட்டணத்தை நான்தான் கட்டினேன். இத்தனையும் முடிந்தால்தான் 125 கேள்விகளுக்குக் குறையாத அந்தத் தேர்வில் உட்காரலாம். மருத்துவமனையில் 4 ஆண்டுகள் நீங்கள் பார்த்த வேலை இந்தக் கணக்கில் தானாகச் சேராது. இதை எழுதும்போது எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனாலும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மாநில விதிக்கு வருகிறேன். சில மாநிலங்கள் தொழிலையே உரிமத்துக்குள் வைத்திருக்கின்றன, ஃபுளோரிடா அப்படி. சில மாநிலங்கள் பட்டப்பெயரை மட்டும் காக்கின்றன. நியூயார்க்கில் ‘சான்று பெற்ற டயட்டீஷியன்–நியூட்ரிஷனிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ளத்தான் மாநிலச் சான்று தேவை. கலிஃபோர்னியாவில் மாநில உரிமமே கிடையாது, ஆனால் தகுதி இல்லாதவர் டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நீங்கள் போகும் நியூஜெர்சியில் நெடுங்காலம் உரிமம் இல்லாமல் இருந்து, 2020 ஜனவரியில்தான் அதற்கான சட்டம் கையெழுத்தானது. நியூஜெர்சியில் குடியிருந்துகொண்டு ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க்கில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உங்களுக்கும் அப்படி அமைந்தால் இரண்டு மாநிலச் சட்டங்களையும் படிக்க வேண்டும்.

என் மாநிலமான டெக்சஸ் காப்பதும் பட்டப்பெயரைத்தான். ‘உரிமம் பெற்ற டயட்டீஷியன்’ என்று உரிமம் இல்லாதவர் எழுதிக்கொண்டால் குற்றம். ‘நியூட்ரிஷனிஸ்ட்’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதன் விளைவை என் மையத்திலேயே பார்த்தேன்.

ஈரோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர், மகன் வீட்டில் இருக்கிறார், திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸுக்கு வருவார். ஒரு மாதம் அவருடைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.4 என்று வந்தது. முந்தைய மாதங்களில் 5-ஐத் தாண்டியதில்லை. பொட்டாசியம் அந்த அளவுக்கு ஏறினால் இதயத்துக்கு ஆபத்து, அதனால் மருத்துவர் அன்றைக்கே இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்க்கச் சொன்னார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இட்லி, சாதம், ரசம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு நியூட்ரிஷனிஸ்ட் எழுதிக் கொடுத்த பட்டியல். காலையில் முருங்கைக்கீரை சூப், பதினொரு மணிக்கு இளநீர், மாலையில் வாழைப்பழம். “உடம்புக்குக் குளிர்ச்சி என்றுதானே குடித்தேன், கண்ணு” என்றார். ஒரு குவளை இளநீரில் ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்கிறவருக்கு அது நல்ல பானம். அந்த அம்மாவின் உடம்பிலோ அடுத்த டயாலிசிஸ் வரை அது வெளியேற வழியில்லை.

பட்டியல் எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அவர் ரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். அந்தப் பட்டியலை நிறுத்தச் சொல்லிவிட்டு, பொட்டாசியம் குறைய உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்வது எப்படி என்று மருமகளுக்குப் போனில் சொன்னேன். அடுத்த மாதம் 5.1-க்கு இறங்கியது. டயாலிசிஸ் மையத்தில் பதிவு பெற்ற, குறைந்தது ஓராண்டு மருத்துவ அனுபவமுள்ள டயட்டீஷியன் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் விதியே சொல்கிறது. அந்த விதி ஏன் என்று அன்றைக்கு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்காக வாயைத் திறப்பவர் எல்லாரையும் சட்டம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வட கரோலினாவில் ஸ்டீவ் குக்ஸி என்ற சர்க்கரை நோயாளி, தான் சாப்பிட்டுக் குணம் கண்ட முறையை வலைப்பூவில் எழுதினார். 2012-இல் மாநில வாரியம் அவருடைய பக்கங்களில் சிவப்பு மையால் திருத்தம் போட்டு அனுப்பியது. அவர் நீதிமன்றம் போனார், பின்னர் வாரியமே தன் நெறிமுறைகளை மாற்றிக்கொண்டது. ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்வதைத் தடுப்பது சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன்.

உங்கள் ஆன்லைன் கேள்விக்கு நேராகப் பொருந்துவது ஃபுளோரிடா வழக்கு. ஹெதர் டெல் காஸ்டியோ கலிஃபோர்னியாவில் ஹெல்த் கோச்சாக, அதாவது உணவுப் பழக்கம் பற்றி ஆலோசனை சொல்பவராக இருந்தவர், ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தும் உரிமம் இல்லாமல் அதே தொழிலைத் தொடர்ந்தார். புகார் போனது, வாடிக்கையாளர் போல ஒரு விசாரணையாளர் மின்னஞ்சல் அனுப்பினார், 2017-இல் அபராதமும் விசாரணைச் செலவுமாக 754 டாலர் கட்ட வைத்தார்கள். பேச்சுரிமை என்று வழக்குப் போட்டுப் பார்த்தார், 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநிலத்தின் பக்கமே நின்றது. இதற்கிடையில் 2020-இல் ஃபுளோரிடா சட்டத்தைத் தளர்த்தியது. டயட்டீஷியன் என்று சொல்லிக்கொள்ளாமல், உணவு வழிச் சிகிச்சை தேவைப்படும் நோய்க்கு மருத்துவரின் கவனிப்பில் இல்லாதவர்களுக்கு, பொதுவான ஊட்டச்சத்து ஆலோசனையைக் காசு வாங்கிக்கொண்டும் சொல்லலாம். கோடு போட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து: பேச்சு எல்லாருக்கும், நோய்க்கான உணவுச் சிகிச்சை தகுதி உள்ளவருக்கு.

ஆன்லைனில் பார்ப்பதென்றால் பொதுவாக நோயாளி உட்கார்ந்திருக்கும் மாநிலத்தின் சட்டம்தான் பொருந்தும். நீங்கள் சென்னையில் இருந்தாலும் ஃபுளோரிடாவில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு உணவுத் திட்டம் எழுதினால் அது ஃபுளோரிடா விவகாரம். ஆகவே பதிவும், தேவையான மாநிலத்தில் உரிமமும் கிடைக்கும்வரை நோயாளிகளைத் தனியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாநில உரிமத்தை வைத்துக்கொண்டு பிற மாநிலங்களிலும் தொழில் செய்ய ஓர் ஒப்பந்தம் உருவாகிவருகிறது. 2024-இல் அலபாமா, நெப்ராஸ்கா, டென்னசி அதைச் சட்டமாக்கின. அதற்கும் முதலில் சொந்த மாநில உரிமம் வேண்டும்.

விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்து துணைவருக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் வருவதானால், வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, ஆனால் படிக்கலாம். விடுபட்ட பாடங்களை அந்தக் காலத்தில் முடித்துவிடலாம்.

புறப்படுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். இளங்கலை, முதுகலை இரண்டுக்கும் மதிப்பெண் சான்றுகளை, பல்கலைக்கழகமே மூடி முத்திரையிட்ட உறையில், மூன்று நான்கு பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் பாடத்திட்டமும் ஆய்வக நேரமும் எழுதிய பக்கங்களைத் துறைத் தலைவரின் கையெழுத்தோடு கேளுங்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன். 64 வயதில் என் அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போய்க் கல்லூரி அலுவலகத்தில் நின்று, ஐந்து மாதம் கழித்து அவற்றை எனக்கு அனுப்பி வைத்தார்.